காதைப் பிளக்கும் சைலன்சர்

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன். முந்தைய உரிமையாளர் வெளிச்சந்தை சைலன்சர் போட்டிருக்கிறார். காஞ்சிபுரம் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காருக்குள் 'கும்'மென்று இரைகிறது. குறைக்க வழி உண்டா?
– வாசகர், உத்திரமேரூர்

பதில்: உண்டு. முதலில் கசிவு பாருங்கள். என்ஜின் சூடேறும் முன், புகைக்குழாய் வாயை ஈரத்துணியால் சில நொடி லேசாக அடைத்தால், இணைப்புகளில் 'உஸ்' கேட்கும். அங்கே பேக்கிங் மாற்றுங்கள். குழாயைத் தாங்கும் ரப்பர்கள் இறுகியிருந்தாலும், குழாய் அடித்தளத்தில் இடித்தாலும் அதிர்வு உள்ளே ஏறும்.

அப்படியும் இரைந்தால் அது ஒத்ததிர்வு. நாலு சிலிண்டர் என்ஜின் 2,400 ஆர்பிஎம்மில் நொடிக்கு 80 முறை வெடிக்கிறது. அந்த ஒலியை அடக்க நடுவில் ரெசனேட்டர் வைக்கலாம். அல்லது முனை மூடிய பக்கக்குழாய் ஒன்றைப் பற்றவைக்கலாம். இந்த வேகத்துக்கு அதன் நீளம் சுமார் 1.4 மீட்டர் வரும். அது எதிரொலித்து இரைச்சலைக் கழிக்கும். சைலன்சருக்குள் பஞ்சு எரிந்து போயிருந்தால் அதையும் மாற்றவேண்டும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது இல்லாமல் ஓட்டுவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி ஒலி, புகை விதிகளை மீறினால் முதல்முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

செலவுக் கணக்குப் பார்த்தால், கம்பெனி சைலன்சரையே திரும்பப் பொருத்துவதுதான் புத்திசாலித்தனம்.