இல்லம் குலையாமற் காத்தல்

வறுமையாலும் நோயாலும் குடியாலும் தளர்ந்த குடும்பத்திற் பிள்ளைகள் அல்லலுறுங்கால், அவர்களைப் பிரித்து வேறோர் இல்லத்திற் சேர்ப்பதே அறமென உலகம் நெடுங்காலம் கருதிற்று. அங்கே உணவும் உடையும் கிடைக்கும், தாய்மடி கிடைப்பதன்று. ஆதலின், பிள்ளையை அகற்றுமுன் இல்லத்தைச் சீர்ப்படுத்தலாகாதோ என்னும் வினா எழுந்தது.

அதற்கு விடையாக, அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில், 1974-ஆம் ஆண்டு, கத்தோலிக்க அறநிலையமொன்றின் சார்பில் 'ஹோம்பில்டர்ஸ்' என்னும் பணி தொடங்கிற்று. இல்லங் கட்டுவோர் என்பது அப்பெயரின் பொருள். பணியாளர் ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு குடும்பங்களை மட்டுமே ஏற்பர். நான்கு முதல் ஆறு வாரம் வரை அவர்தம் வீட்டிற்கே செல்வர். இரவாயினும் பகலாயினும் அழைத்தால் உதவுவர். சினத்தை அடக்கும் வழியையும், அடியாது பிள்ளைகளைத் திருத்தும் முறையையும் பெற்றோர்க்குப் பயிற்றுவர். அம்மட்டில் நில்லாது, வீட்டைத் துப்புரவாக்கவும், உணவும் உறையுளும் பெறவும் துணைநிற்பர். பசித்தார்க்கு அறிவுரை செவியேறாதன்றோ!

இதனாற் பிள்ளைக்குத் தீங்கு நேராதோ எனச் சிலர் ஐயுறுவர். உயிர்க்கு ஊறு நேருமாயின் பிரித்தலே கடன். பிள்ளையின் நலமே முதன்மை. மற்று, சில வாரத் துணையால் நெடுநாள் வறுமை நீங்கிவிடாது. பின்னரும் அயலாரும் அரசும் கைகொடுத்தல் வேண்டும்.

இந்திய நாட்டின் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும், பிள்ளையை விடுதியிற் சேர்த்தல் இறுதி வழியாதல் வேண்டும் என்கின்றது. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின்கீழ், தகுதியுடைய பிள்ளை தன் வீட்டிலேயே வளர்தற்பொருட்டு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வகுக்கப்பட்டுள்ளது.

நம் திருச்சபையார் அநாதைச் சாலைகள் நிறுவி ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும், உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளுட் பெரும்பாலார்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிரோடுளர் என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். யாக்கோபு தம் நிருபத்தில் மெய்யான பக்தி இன்னதென உரைக்குமிடத்து, திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒருசேர வைத்தே கூறினர். துன்பத்தில் அவர்களை விசாரிக்க வேண்டுமென்றனர். பிள்ளையை மட்டும் ஏற்றுத் தாயைக் கைவிடுதல் பாதி அறமே. தாய் உயிரோடிருக்கப் பிள்ளையை அநாதையென வளர்ப்பதினும், அத்தாயின் அடுப்பு அணையாதிருக்க உதவுதல் மேலானதன்றோ?