கியர் வண்டியின் பிணியும் பிணிமுதலும்

தோற்றுவாய்

விருத்தாசலத்தினின்று தெற்கே ஜெயங்கொண்டம் செல்லும் பெருவழியில், வெள்ளாற்றின் கரையில் அமைந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. அதனைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் சமநிலமே. இத்தகைய நாட்டில் கியர் பூட்டிய மிதிவண்டியால் ஆவதென்ன என்று சிலர் வினவுவர். ஆடித் திங்களில் மேல்காற்றுக்கு எதிராகப் பத்துக் கல் தொலைவு மிதித்தவர் அவ்வினாவை எழுப்பார். ஏற்றத்துக்கு ஓர் உச்சியுண்டு, எதிர்க்காற்றுக்கு அதுவுமில்லை.

வளைந்த கைப்பிடியும் மெல்லிய சக்கரமும் உடைய இவ்வண்டிகள், புதியனவாகவும் பிறர் ஓட்டிக் கழித்தனவாகவும், இப்போது மாணவர் பலர் கைக்கு வந்துள்ளன. வந்த சில திங்களில் கியர் முரண்டு செய்யத் தொடங்குகிறது. நாட்டுப்புறத்துச் சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதிலும் கோட்டம் எடுப்பதிலும் வல்லவர். எனினும் அவரிடம் வருவன பெரும்பாலும் பின்னே ஒற்றைப் பல்சக்கரம் உடைய வண்டிகளே. ஆதலின் கியர் வண்டிக்குரியவர் இரண்டிலொன்று செய்கிறார்: வண்டியைத் திண்ணை மூலையில் சார்த்திவிடுகிறார், அன்றேல், கையிற்கிடைத்த திருகாணியையெல்லாம் திருகிப் பார்க்கிறார். முன்னவர் வண்டியை இழக்கிறார். பின்னவர் ஒருவேளை தம் எலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். இவ்விரு கேட்டையும் விலக்கும் வழியை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறுப்புக்களும் அவற்றின் தொழிலும்

பின்சக்கரத்தின் வலப்புறத்தே சிறிதும் பெரிதுமாகப் பல பல்சக்கரங்கள் அடுக்கப்பட்டுள்ளன. பெரியது ஆரக்கால்களை ஒட்டி உள்ளேயும், சிறியது வெளியேயும் நிற்கும். சங்கிலியை ஒன்றினின்று மற்றொன்றுக்குத் தள்ளுவது டிரெய்லியர் எனப்படும் மாற்றி. அது ஹேங்கர் என்னும் சிறு தகட்டில் தொங்குகிறது. கைப்பிடியிலுள்ள நெம்புகோல் கேபிளை இழுத்தால் மாற்றி உள்நோக்கிச் சென்று சங்கிலியைப் பெரிய சக்கரத்தில் ஏற்றும். கேபிளை விட்டால், மாற்றியினுள் உள்ள வில் அதனை வெளிநோக்கி இழுத்துச் சிறிய சக்கரத்தில் இறக்கும். ஏற்றுவது கையின் வேலை. இறக்குவது வில்லின் வேலை. இவ்வொரு வேற்றுமையை மனத்திற் பதித்தவர் கியர் நோய்களிற் பாதியை அறிந்தவராவர்.

இம்மாற்றி புதியதன்று. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தில் 1937ஆம் ஆண்டிலேயே இதற்கு இசைவளிக்கப்பட்டது. அக்காலத்து நெம்புகோலுக்குப் படிகள் இல்லை. ஓட்டுநரே கையுணர்வாலும் செவியாலும் இடமறிந்து நிறுத்துவர். 1984இல் ஜப்பானிய நாட்டு ஷிமானோ நிறுவனம், ஒரு சொடுக்குக்கு ஒரு சக்கரம் என்னும் முறையைத் தன் உயர்தர உறுப்புக்களில் கொணர்ந்தது. ஓட்டுநரின் வேலை எளிதாயிற்று. ஆயின் கேபிளின் பொறுப்பு மிகுந்தது. அந்நிறுவனத்தார் செய்த 10 சக்கர அடுக்கில் ஒரு சொடுக்குக்குக் கேபிள் நகர்வது ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர்; சங்கிலி நகரவேண்டியது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். இச்சிறு அளவில் கால் பங்கு பிழைத்தாலும் சங்கிலி தடுமாறும். மின்கலத்தால் இயங்கும் மாற்றிகளும் இக்காலத்தில் உண்டு. அவை இங்கே பேசப்படவில்லை.

ஆராயும் முறை

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயலிற் புகவேண்டும் என்று அறிவுறுத்துகிறது. பொறிக்கும் இம்முறை பொருந்தும். சூளையில் விரிந்த பாண்டத்தின் குற்றம் சூளையில் இராமல், மண் பிசைந்தவிடத்திலோ உலர்த்தியவிடத்திலோ இருக்கக்கூடும் என்பதைப் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலம் பக்கத்தார் அறிவர். அதுபோலவே, சங்கிலி தாவுமிடத்தில் நோய் தோன்றினும் அதன் முதல் கைப்பிடியருகே ஒளிந்திருக்கலாம்.

எனவே, எதனையும் திருகுமுன் வண்டியின் இருக்கையைக் கயிற்றாற் கட்டிப் பின்சக்கரம் நிலத்தைத் தொடாமல் தூக்கி நிறுத்துக. பெடலைக் கையாற் சுழற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராக ஏற்றியும் இறக்கியும் காண்க. எந்தத் திசையில், எந்தச் சக்கரத்தில், எப்பொழுது பிழை நிகழ்கிறது என்பதைக் குறித்துக்கொள்க. பின்னர் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றியவர் நோய் தீரினும் எதனால் தீர்ந்ததென அறியார்.

நோய்களும் தீர்வும்

முதலாவது, ஏறுவதில் தயக்கம். நெம்புகோலைச் சொடுக்கியும் சங்கிலி பெரிய சக்கரத்துக்கு ஏறாமல் கடகடவென ஒலித்து நிற்குமாயின், கேபிள் தளர்ந்துள்ளது என்க. புதிய கேபிள் பூட்டிய சில நாட்களில் அதன் உறை அழுந்தி அமைவதால் இத்தளர்ச்சி இயல்பாகவே உண்டாகும். மாற்றியில் கேபிள் நுழையுமிடத்தே விரலாற் சுழற்றத்தக்க சிறு குமிழ் ஒன்றுண்டு. அக்குமிழை வெளியே வருமாறு திருகினால் கேபிள் இறுகும். உறையின் வழி நீள்வதால் உள்ளிருக்கும் கம்பி இழுபடுகிறது, அதுவே காரணம். கால் சுற்றுத் திருகிச் சோதிக்க. வேண்டின் மறுபடியும் கால் சுற்று.

இரண்டாவது, இறங்குவதில் தயக்கம். சங்கிலி நன்றாக ஏறுகிறது. ஆனால் சிறிய சக்கரத்துக்கு இறங்க மறுக்கிறது. இங்கே இரு காரணங்கள் கூடும். கேபிள் மிகையாக இறுகியிருக்கலாம். அல்லது உறையினுள் துருவும் புழுதியும் அடைந்து, வில் இழுத்தும் கேபிள் வழுக்கி வாராமல் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? குமிழைக் கால் சுற்று உள்ளே திருகுக. இறக்கமும் ஏற்றமும் ஒருங்கே செம்மையுற்றால் குற்றம் இறுக்கமே. இறக்கம் செம்மையுற்று ஏற்றம் கெடுமாயின் குற்றம் உராய்வே. அதற்குக் குமிழ் மருந்தாகாது. கேபிளையும் உறையையும் புதுக்குதலே தீர்வு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து, கோடையில் செம்புழுதி படிந்த வண்டிகளில் இந்நோய் மிகுதி. பலர் இதனைத் தளர்ச்சியென மயங்கி மேலும் மேலும் இறுக்கிக் கெடுக்கின்றனர்.

மூன்றாவது, மிதியின் கனத்தில் சங்கிலி தாவுதல். கையாற் சுழற்றும்போது குற்றமில்லை. ஏறி அமர்ந்து அழுத்தினால் திடீரெனப் பல்லினின்று நழுவுகிறது. அதுவும் நாள்தோறும் பயன்படும் ஓரிரு சக்கரங்களில் மட்டுமே நிகழ்கிறது. இது தேய்மானம். புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். முள்ளின் நடுவிலிருந்து முள்ளின் நடுவுக்கு அளவுகோலை வைத்துப் பார்க்க. 1/16 அங்குலம் மிகுந்தால் சங்கிலியை மாற்றுக. 1/8 அங்குலம் மிகும்வரை விட்டிருப்பின் பெரும்பாலும் பல்சக்கர அடுக்கையும் மாற்ற நேரும். காலத்தே சிறு பொருள் செலவிடாதவர் பின்னர்ப் பெரும்பொருள் செலவிடுவர்.

நான்காவது, எந்தக் கியரிலும் ஒரே கால இடைவெளியில் தட்டுதல். முன்சக்கரத்தில் 50 பல்லும் சங்கிலியில் 108 கண்ணியும் உள்ள வண்டியில், பெடல் இரண்டு சுற்றும் இன்னும் சிறிதும் வரும்போது ஒருமுறை தட்டினால், சங்கிலியின் கண்ணி ஒன்று மடங்காமல் விறைத்துள்ளது என்று உணர்க. சங்கிலியைப் பின்னோக்கி மெல்லச் சுழற்றினால், மாற்றியின் சிறு உருளைகளைக் கடக்கையில் அக்கண்ணி தன்னைக் காட்டிவிடும். அதனைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துத் தளர்த்துக.

ஐந்தாவது, ஹேங்கரின் கோணல். சிறிய சக்கரங்களில் ஒழுங்காக இயங்கி, பெரிய சக்கரங்களில் மட்டும் குழம்பினால் ஹேங்கரைப் பார்க்க. வண்டியின் பின்னே நின்று நோக்குமிடத்து, மாற்றியின் இரு சிறு உருளைகளும் பல்சக்கரத்துக்கு இணையாக ஒரே நேர்கோட்டில் தொங்கவேண்டும். வண்டி வலப்புறமாகச் சாய்ந்து விழுந்தாலே ஹேங்கர் உள்நோக்கி வளையும். சட்டம் முறியாமற் காக்கத் தான் வளையுமாறே அது மென்மையாகச் செய்யப்பட்டுள்ளது. கோணலைக் குமிழாலும் திருகாணியாலும் திருத்த முயல்வது வீண். அளவுக்கருவி உடையவரிடம் நிமிர்த்துக. அன்றேல் அவ்வண்டிக்குரிய புதியதை வாங்கிப் பூட்டுக.

முன்மாற்றியைப் பற்றிச் சில சொல்லின் அமையும். அதன் கூண்டு பெரிய முன்சக்கரத்தின் பல்லுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் மேலாகவும், சக்கரத்துக்கு இணையாகவும் நிற்றல் வேண்டும். முன்னே பெரியதும் பின்னே பெரியதுமாக ஓட்டினால் சங்கிலி குறுக்கே சாய்ந்து கூண்டில் உரசும். அது நோயன்று, ஓட்டுநரின் பழக்கப் பிழை.

தொடலாகாத திருகாணி

மாற்றியில் எச், எல் என்று குறித்த இரு சிறு திருகாணிகள் உள. எச் என்பது சிறிய சக்கரத்துக்கு அப்பாலும், எல் என்பது பெரிய சக்கரத்துக்கு அப்பாலும் சங்கிலி செல்லாமல் தடுக்கும் எல்லைகள். இவை சங்கிலிக்கு இட்ட வேலி. வேலி தானே நகர்வது அரிது. நேற்றுவரை நன்றாக இயங்கிய வண்டி இன்று கெட்டால் குற்றம் கேபிளிலோ ஹேங்கரிலோ இருக்குமேயன்றி, பெரும்பாலும் இத்திருகாணிகளில் இராது. ஆயினும் அறியாதார் முதலிற் கைவைப்பது இவற்றிலேயே. பெரிய சக்கரத்துக்கு ஏறவில்லையென்று எல் திருகாணியைத் தளர்த்தினால், பின்னொருநாள் சங்கிலி அச்சக்கரத்தையும் கடந்து ஆரக்கால்களுக்குள் விழும். பின்சக்கரம் அக்கணமே இறுகி நிற்கும். இது நிகழ்வது பெரும்பாலும் மேட்டில், ஓட்டுநர் முழுவலியோடு மிதிக்கும்போதே. பாலத்தின் ஏற்றத்தில், பின்னே பேருந்தும் கரும்பு லாரியும் தொடர்ந்து வர, ஒருவன் வண்டியோடு சாய்ந்தால் நேர்வதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விழுந்தெழுந்த வண்டியில் ஹேங்கர் கோணியிருப்பினும் இதே இடருண்டு. ஆதலின், ஒருமுறை விழுந்த வண்டியைச் சோதியாமல் பெரிய சக்கரத்துக்கு ஏற்றலாகாது.

காப்பு

வாரம் ஒருமுறை சங்கிலியைத் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் கண்ணிக்கு ஒரு துளி இட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடுக. தேங்காயெண்ணெயும் பழைய எஞ்சின் எண்ணெயும் ஆகா. அவற்றிற் புழுதி ஒட்டி அரைக்கும் சாந்தாகிப் பல்லைத் தின்னும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கியரின் குற்றங்கள் பலவாகத் தோன்றினும் அவற்றின் முதல்கள் சிலவே என்பதும், திசையையும் இடத்தையும் காலத்தையும் நோக்கினால் அவற்றைப் பிரித்தறியலாம் என்பதும் பெறப்படும். கால் சுற்றில் தீர்வதற்கு முழுச் சுற்றும், கேபிளில் தீர்வதற்கு எல்லைத் திருகாணியும் நாடாதிருத்தலே இக்கலையின் சாரம். சிறியவற்றில் உண்மையாயிருக்குமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் நகரும் கேபிளுக்கும் அது பொருந்தும். மூலையிற் கிடக்கும் வண்டியுடைய நண்பர் ஒருவரேனும் இதனைப் படித்தபின் அதனை வெளியே கொணர்ந்து, திருகுமுன் நோக்குவாராயின் இக்கட்டுரை பயனுடையதாகும்.