கெடு முடிந்தும் படை போகவில்லையே!

கேள்வி: 2023-ல் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அண்டை நாடுகள் ஒரு வாரம் கெடு விதித்தன. பிறகு ஏன் படை அனுப்பவில்லை?

பதில்: அனுப்பியிருந்தால் மேற்கு ஆப்பிரிக்காவே போர்க்களமாகியிருக்கும், அதுதான் காரணம். ஜூலை 26-ல் அதிபர் முகமது பசூமை அவருடைய காவல் படையே சிறைபிடித்தது. நான்கே நாளில், நைஜீரிய அதிபர் போலா டினுபு தலைமையில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸின் தலைவர்கள் அபுஜாவில் கூடி, அவரை மீண்டும் பதவியில் அமர்த்தக் கெடு விதித்தார்கள். 2017-ல் காம்பியாவில் பதவி விலக மறுத்த அதிபர் ஜாமே, இதே கூட்டமைப்பின் படை எல்லை தாண்டியதும் நாட்டை விட்டே போனார். நைஜரிலும் அப்படியே நடக்கும் என்ற நம்பிக்கைதான்.

ஆனால் நைஜர் விஷயத்தில், அதன் மீது கை வைத்தால் எங்கள் மீது தொடுத்த போர் என்று மாலியும் புர்கினா ஃபாசோவும் அறிவித்தன. நைஜீரிய செனட்டும் படையெடுப்பை விரும்பவில்லை.

மிஞ்சியது பொருளாதாரத் தடை. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியதால் தலைநகர் நியாமியில் மின்வெட்டு நீண்டது. பெனின் எல்லையில், மலான்வில் ஊரில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. சந்தையில் அரிசி விலை ஏறியது. வலி ஏழைகளுக்கு, தளபதிகள் அசையவில்லை. 2024 பிப்ரவரியில் தடைகளை நீக்கினார்கள். ஆனாலும் நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டமைப்பை விட்டு வெளியேறின.

போர் மூளாதது நல்லதே. ஆனால் நிறைவேற்ற முடியாத கெடுவை விதித்ததில், பேச்சுவார்த்தைக்கு வேண்டிய மதிப்பு போய்விட்டது.