டேட்டாபேஸில் அழித்தது தேடலில் ஏன் அழியவில்லை?

இந்த வார எபிசோடில் தேடல் சர்வர் பற்றிப் பேசினோம். அதில் டேட்டா சோர்ஸ்களை இணைத்து கான்ஃபிகர் செய்வது காதால் கேட்டுப் பிடித்துக்கொள்ளக் கஷ்டமான விஷயம். அதனால் இங்கே எழுத்தில் தருகிறேன். உதாரணத்துக்கு அப்பாச்சி சோலரும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும். எலாஸ்டிக்சர்ச் வைத்திருப்பவர்களுக்கும் கதை இதேதான்.

முதலில் நான் வாங்கின அடி. வுப்பர்டாலில் ஒரு சிறிய நிறுவனத்துக்கு உள்தேடல் அமைத்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர் விவரம் போஸ்ட்கிரெஸில், ஆவணங்கள் ஃபைல் சர்வரில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்கள் இண்டெக்ஸுக்குப் போகும். எல்லோருக்கும் சந்தோஷம். சில மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் தன் விவரங்களை நீக்கச் சொல்லி எழுதினார். டேட்டாபேஸில் நீக்கினார்கள். "நீக்கிவிட்டோம்" என்று பதிலும் போனது. அடுத்த வாரம் அலுவலகத்தில் ஒருவர் வேறு எதையோ தேட, அந்த வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் முதல் வரியிலேயே வந்து நின்றது.

2018 மே 25 முதல் அமலில் இருக்கும் ஐரோப்பிய தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 17ஆம் பிரிவு, தன் விவரங்களை அழிக்கச் சொல்லும் உரிமையை ஒருவருக்குத் தருகிறது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவின் 2023 சட்டத்திலும் 12ஆம் பிரிவில் இந்த உரிமை உண்டு. நாங்களோ அழிக்காமலே அழித்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருந்தோம். தப்பு என்னுடையது. எங்கே தப்பு என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

1. இணைப்பு

தேடலுக்கென்று டேட்டாபேஸில் தனி யூசர் உருவாக்குங்கள். படிக்க மட்டும் அனுமதி. அதுவும் முழு டேபிளுக்கு இல்லை, தேவையான ஃபீல்டுகள் மட்டும் உள்ள ஒரு வியூவுக்கு. தேடலில் தேவைப்படாத பிறந்த தேதி இண்டெக்ஸுக்குள் போகவே கூடாது. பாஸ்வேர்டை கான்ஃபிக் ஃபைலில் எழுதாதீர்கள்.

முன்பு சோலரிலேயே டேட்டா இம்போர்ட் ஹேண்ட்லர் இருந்தது. 2008இல் வந்த 1.3 பதிப்பிலிருந்து பலர் அதைத்தான் நம்பியிருந்தோம். 2022இல் வந்த 9.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் நாமே ஸ்கிரிப்ட் எழுதுகிறோம். ஜாவாவில் எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள்: போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர் சாதாரணமாக மொத்த ரிசல்ட்டையும் மெமரியில் ஏற்றிவிடும். ஆட்டோகமிட்டை நிறுத்தி, ஃபெட்ச் சைஸ் கொடுத்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

2. அடையாள எண்

இரண்டு சோர்ஸ் இருந்தால் இரண்டிலும் 417 என்ற எண் இருக்கலாம். சோலருக்கு யுனீக் கீ ஒன்றாக இருந்தால் ஒரே டாக்குமெண்ட். பிறகு வந்தது முன்னதை மூடிவிடும், எரர் கூட வராது. "வாடிக்கையாளர்-417", "ஃபைல்-417" என்று சோர்ஸ் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

3. மாற்றங்கள்

"கடைசி ஓட்டத்துக்குப் பிறகு மாறிய ரெக்கார்டுகளைக் கொடு" என்பதுதான் வழக்கமான கொரி. இரண்டு இடத்தில் இடறும். முதலாவது நேரம். ஸ்கிரிப்ட் ஜெர்மன் நேரத்திலும் டேட்டாபேஸ் யுடிசியிலும் ஓடினால், கோடையில் இரண்டு மணி நேர வித்தியாசம். பத்து நிமிட ஓட்டத்தில் ஒரு மாற்றமும் சிக்காது. எல்லாவற்றையும் யுடிசியில் வையுங்கள்.

இரண்டாவது, போஸ்ட்கிரெஸின் நவ் ஃபங்ஷன் தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். பத்து மணிக்குத் தொடங்கி 10.05க்கு கமிட் ஆன ரெக்கார்டில் பத்து என்றுதான் பதிவாகும். உங்கள் ஓட்டம் 10.02க்கு நடந்திருந்தால் அந்த ரெக்கார்டு நிரந்தரமாகத் தப்பிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் சில நிமிடம் பின்னால் போய் எடுங்கள். ஒரே ரெக்கார்டு இருமுறை வந்தால் நஷ்டமில்லை, அதே எண்ணில் மேலெழுதப்படும்.

4. நீக்கங்கள்

நான் கோட்டை விட்டது இங்கேதான். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வராதவன் "உள்ளேன் ஐயா" சொல்வதில்லை. அதுபோல, நீக்கப்பட்ட ரெக்கார்டு "நான் மாறிவிட்டேன்" என்று சொல்லாது. மேலே உள்ள கொரி எவ்வளவு சரியாக இருந்தாலும் நீக்கத்தை அது பார்க்கவே பார்க்காது. வழிகள் மூன்று.

நீக்கும்போது ஒரு டிரிக்கர் அந்த எண்ணை மட்டும் தனி டேபிளில் குறித்து வைக்கலாம். ஸ்கிரிப்ட் அதைப் படித்து சோலரில் நீக்கும். அல்லது டெபீசியம் போன்ற கருவி டேட்டாபேஸின் லாகையே படித்துச் சொல்லும். பெரிய இடங்களுக்கு நல்லது, சிறிய இடத்துக்கு வேலை அதிகம். மூன்றாவது, தினமும் இரவு இரண்டு பக்க எண்களையும் ஒப்பிட்டு, இண்டெக்ஸில் மட்டும் இருப்பவற்றை நீக்குவது.

நான் முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்து வைத்தேன். ஒப்பிட்ட முதல் இரவே, போக வேண்டிய இன்னும் சிலர் உள்ளே இருந்தது தெரிந்தது. ஒரு எச்சரிக்கை: டேட்டாபேஸ் தகராறு செய்து காலிப் பட்டியல் வந்தால், ஒப்பீடு மொத்த இண்டெக்ஸையும் துடைத்துவிடும். ஓர் அளவுக்கு மேல் நீக்கம் வந்தால் நின்று மெயில் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சோலருக்கு அடியில் இருக்கும் லூசீன், நீக்கியதை உடனே வட்டிலிருந்து எடுக்காது. நீக்கப்பட்டது என்று குறித்து வைக்கும். கமிட் ஆனதும் தேடலில் மறையும். செக்மெண்ட்கள் மெர்ஜ் ஆகும்போதுதான் உண்மையில் போகும். பழைய பேக்கப்பில் இருப்பது தனிக் கணக்கு. இவ்வளவும் தெரிந்த பிறகுதான் "நீக்கிவிட்டோம்" என்று எழுதலாம்.

வீட்டுப்பாடம்: வுப்பர்டால் மாநகராட்சியின் திறந்த தரவுத் தளத்திலிருந்து ஒரு சிஎஸ்வி எடுத்து டேட்டாபேஸில் போடுங்கள், இண்டெக்ஸ் செய்யுங்கள். பிறகு ஐந்து ரெக்கார்டை நீக்கிவிட்டு அவற்றின் பெயரைத் தேடிப் பாருங்கள். வந்து நின்றால் நான் இருந்த இடத்தில்தான் நீங்களும் இருக்கிறீர்கள். யாராவது எழுதிக் கேட்பதற்கு முன்னால் தெரிந்துகொண்டது நல்லதுதான்.

அடுத்த வாரம் பார்ப்போம்.