புது உழவு இயந்திரமும் பின்பக்க ஹைட்ரோலிக்கும்: வாங்குமுன் ஒரு கணக்கு

புதிதாக நான்கு சக்கர உழவு இயந்திரம் வாங்கச் செல்லும் எவரிடமும் விற்பனை நிலையத்தில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "பின்பக்கம் ஹைட்ரோலிக் லைனும் சேர்த்துப் போடுவோமா?" விலைக்கூறில் அது ஒரேயொரு வரிதான். இயந்திரத்தின் முழு விலைக்குப் பக்கத்தில் அந்தத் தொகை சிறியதாகவே தெரியும். ஆகவே பலர் யோசிக்காமல் 'சரி' என்கிறார்கள். வேறு சிலர் யோசிக்காமலே 'வேண்டாம்' என்கிறார்கள். இரண்டுமே வியாபாரி சொல்லும் பதில்கள் அல்ல.

அம்பாறை மாவட்டத்தில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை நடத்துபவன் என்ற வகையில் இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வருகிறது. வயலோடு சம்பந்தமில்லாத வாசகர்களும் இதைப் படிக்கலாம். கடைக்கு ஃப்ரீசர் வாங்குபவருக்கும், பேக்கரிக்கு மா குழைக்கும் மெசின் வாங்குபவருக்கும் "இதையும் சேர்த்துப் போடுவோமா?" என்ற அதே கேள்வி வருகிறது.

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

முதலில் மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் இவற்றை ஒன்றாகக் கலந்தே பேசுவார்கள்.

ஒன்று, கலப்பையைத் தூக்கி இறக்கும் இரண்டு கைகள். இது இயந்திரத்தோடு வருவது. ஹரி ஃபெர்குசன் என்ற பொறியியலாளர் 1920களில் காப்புரிமை பெற்ற முறையின் வழியில் வந்தது. நம் வயல்களில் நீண்ட காலம் உழைத்த மெசி ஃபெர்குசன் 135 இயந்திரத்திலும் இதுதான் இருந்தது. கலப்பை, ரொட்டவேட்டர் ஆகிய இரண்டுக்கும் இந்தக் கைகளே போதும். தனியாக ஒயில் லைன் தேவையில்லை.

இரண்டு, பின்பக்க ஒயில் லைன். இயந்திரத்தின் பம்ப்பிலிருந்து ஒயிலை வெளியே எடுத்து, பின்னால் பூட்டும் சாமானுக்குக் கொடுப்பது. இதற்கு ஒரு வால்வும், ஹோஸ் செருகும் கப்ளர்களும் வேண்டும். கேள்வி இதைப் பற்றியதுதான்.

மூன்று, அந்த ஒயிலைக் கொண்டு வேலை செய்யும் சாமான். டிப்பர் பெட்டி, இரு பக்கமும் புரட்டும் கலப்பை, லேசர் மூலம் வயலை மட்டப்படுத்தும் கருவி போன்றவை இந்த வகை.

இரண்டாவது மட்டும் ஒரு சதமும் உழைத்துத் தராது. உழைப்பது மூன்றாவதுதான். அதன் விலையோ இரண்டாவதைப் போலப் பல மடங்கு. எனவே லைனின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது, தட்டு அடித்துவிட்டு அதில் வைக்கச் சரக்கு இல்லாமல் கடை திறப்பதைப் போன்றது.

ஒரு தம்பியின் கேள்வி

அண்மையில் ஒரு தம்பி கேட்டார். "காக்கா, லீசிங்கில புது மெசினொண்டு எடுக்கப் போறன். ஹைட்ரோலிக் லைனும் டிப்பர் பெட்டியும் சேத்துத் தாறம் எண்டு சொல்றாங்க. போடவா, வேணாமா?"

"வருசத்துல எத்தனை நாள் மண், மணல், கிறவல் ஏத்துறீங்க தம்பி?"

"நிறைய நாள், காக்கா."

'நிறைய' என்பது கணக்கில் வராத சொல். அவருடைய வாப்பா பழைய இயந்திரத்தை ஓட்டிய காலத்திலிருந்து ஒவ்வொரு நாள் ஹயரையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பவர். அந்தக் கொப்பியைப் பார்த்து, கடைசி 12 மாதங்களின் நாட்களை மூன்றாகப் பிரித்து எண்ணி வரும்படி சொன்னேன். உழவு எத்தனை நாள், நெல் மூட்டை ஏற்றியது எத்தனை நாள், கொட்டி இறக்கும் பொருள் ஏற்றியது எத்தனை நாள்?

இந்த மூன்றாவது பிரிவுதான் முக்கியம். நெல் மூட்டையை யாரும் டிப்பரில் கவிழ்ப்பதில்லை. சீமெந்துப் பக்கெற்றும் அப்படியே. மண், மணல், கிறவல், சல்லி, எரு ஆகியவற்றுக்கே டிப்பர் பெட்டி இலாபம் தரும்.

எண்ணிப் பார்த்ததில் வந்தது 22 நாட்கள்.

கணக்கைப் போடுவோம்

அவருக்குச் சொல்லப்பட்ட விலைகளை இங்கே எழுதவில்லை. ஊருக்கு ஊர், கம்பனிக்குக் கம்பனி அவை மாறும். கணக்குக்காக வட்டமான தொகைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் தொகைகளை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

ஒயில் லைனுக்கு 100,000 ரூபா. சாதாரணப் பெட்டியை விட டிப்பர் பெட்டிக்கு மேலதிகமாக 500,000 ரூபா. மொத்தம் 600,000 ரூபா.

இதனால் கிடைப்பது என்ன? மண்வெட்டியால் இறக்கும் நேரம் மிச்சமாவதால் ஒரு நாளில் இரண்டு லோட் கூடப் போகலாம். டீசலும் ட்ரைவர் கூலியும் போக ஒரு லோட்டுக்கு 1,500 ரூபா மிஞ்சினால் 3,000 ரூபா. இறக்கும் ஆட்களில் ஒருவர் குறைவதால் 2,500 ரூபா. ஆக ஒரு நாளைக்கு மேலதிகமாக 5,500 ரூபா.

22 நாட்களுக்கு 121,000 ரூபா. ஹோஸ், சீல், ஒயில் என்று வருடத்துக்கு 30,000 ரூபாவைக் கழித்தால் 91,000 ரூபா மிச்சம். 600,000 ரூபா திரும்பி வர ஆறரை வருடங்களுக்கு மேல் செல்லும். லீசிங் தவணையோ நான்கு வருடத்துக்கு.

நான்கு வருடத்தில் முதல் திரும்ப வேண்டுமானால் வருடத்துக்கு எத்தனை நாள் வேண்டும்? வருடத்துக்கு 150,000 ரூபா முதல், 30,000 ரூபா பராமரிப்பு, ஆக 180,000 ரூபா. அதை 5,500 ஆல் பிரித்தால் 33 நாட்கள். இதில் லீசிங் கட்டணம் சேரவில்லை. சேர்த்தால் நாட்கள் இன்னும் கூடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூடுதலான இரண்டு லோட்டுக்கும் ஓடர் இருந்தால்தான் அந்த 3,000 ரூபா வரும். இருக்கும் வேலையே நண்பகலோடு முடிகிறதென்றால், வேகமாக இறக்குவதால் ட்ரைவருக்கு ஓய்வு கிடைக்குமே தவிர, உங்களுக்குப் பணம் கிடைக்காது.

"பிறகு விலை ஏறிட்டா?"

தம்பி கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. "2022ல பாத்தம்தானே காக்கா, சாமான் விலையெல்லாம் எப்பிடி ஏறின எண்டு. இப்ப போடாட்டி பிறகு இன்னும் கூடத்தானே வரும்?"

உண்மைதான். 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது உதிரிப்பாக விலைகள் எங்கே போயின என்பதை எமது கடை றாக்கைகளே சொல்லும். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. கையிலுள்ள பணத்தில் சரக்கு வாங்கி வைப்பவர் விலையேற்றத்திலிருந்து தப்பிக்கிறார். கடன் பணத்தில் வாங்கி வைப்பவர், விலை ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் அதற்காகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த மாதக் கட்டணம் வேலையுள்ள மாதங்களில் சுமையாகத் தெரியாது. பெரும்போகத்துக்கு ஒருமுறை, சிறுபோகத்துக்கு ஒருமுறை உழவு வரும். அறுவடைக் காலங்களில் மூட்டை ஹயர் வரும். இவற்றுக்கு இடையிலான மாதங்களில் இயந்திரம் வீட்டு முற்றத்தில் நிற்கும். தவணைத் திகதி நிற்பதில்லை. தவணை தவறி இயந்திரமே கைவிட்டுப் போனால், அதனோடு உழவு வருமானமும் போகும். உழைக்கும் பகுதியை உழைக்காத பகுதி இழுத்து விழுத்துவது இப்படித்தான்.

எனவே அவருக்கு நான் சொன்னது இதுதான். இயந்திரத்தை மட்டும் எடுங்கள். ஆனால் அந்த மொடலுக்குப் பின்னர் லைன் போட முடியுமா, அப்போது என்ன செலவு, வொரன்டி பாதிக்கப்படுமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொப்பியைத் தொடர்ந்து எழுதுங்கள். கொட்டி இறக்கும் நாட்கள் 33ஐத் தாண்டி இரண்டு வருடம் நின்றால், லைனையும் பெட்டியையும் ஒன்றாகப் போடுங்கள். லைனுக்கான பணம் கடனில்லாமல் கையில் இருந்தால் மட்டும் இப்போதே போடலாம். தம்பி லைன் இல்லாமலே இயந்திரத்தை எடுத்தார்.

யார் உடனே போட வேண்டும்?

இதே கணக்கு இன்னொருவருக்கு நேரெதிரான விடையைத் தரும். கட்டடப் பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர் வருடத்தில் 120 நாட்கள் மண்ணும் சல்லியும் அனுப்புகிறார் என்று வையுங்கள். அதே 5,500 ரூபாவில் 660,000 ரூபா வரும். ஓட்டம் கூடுவதால் பராமரிப்பை இரட்டிப்பாக 60,000 ரூபா என்று போட்டாலும் ஒரே வருடத்தில் முதல் கைக்கு வந்துவிடும். அவர் லைன் இல்லாமல் இயந்திரம் எடுப்பதுதான் நட்டம்.

ஆனால் மணலையும் கிறவலையும் நம்பிக் கணக்குப் போடுபவர், புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திர நடைமுறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அனுமதி இல்லாத நாள் ஹயர் இல்லாத நாள்.

தொழிலின் போக்கையும் பாருங்கள். சூடடிக்கும் மெசின்கள் நன்றாக உழைத்த காலம் ஒன்று இருந்தது. பெரிய வெட்டு மெசின்கள் வந்து அறுவடையையும் சூடடிப்பையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கத் தொடங்கியதும் அவற்றுக்கு வேலை குறைந்தது. துருப்பிடித்து நிற்கும் சூடடிக்கும் மெசின்களை எமது பகுதியில் இன்றும் காணலாம். ஆகவே ஒரு சாமான் இன்று உழைக்கிறது என்பதோடு, முதல் திரும்பும்வரை அதற்கு வேலை இருக்குமா என்பதையும் கேட்க வேண்டும்.

போடுவதென்றால் கவனிக்க வேண்டியவை

ஒற்றை வழியா, இரட்டை வழியா? டிப்பர் பெட்டியின் ஜெக் பெரும்பாலும் ஒரே ஹோஸில் வேலை செய்யும். ஒயில் தூக்கும், பெட்டியின் பாரமே இறக்கும். புரட்டும் கலப்பைக்கு இரண்டு ஹோஸ் வேண்டும். இரட்டை வழி வால்வு ஒன்று இருந்தால் பெரும்பாலும் இரண்டு தேவையையும் சமாளிக்கலாம். இரண்டாவது வால்வுக்கு, அதற்கான சாமான் உங்கள் கையில் இருந்தாலன்றிப் பணம் கொடுக்க வேண்டாம். சில மொடல்களில் கலப்பை தூக்கும் அமைப்பிலிருந்தே டிப்பருக்கு ஒரு ஹோஸ் எடுக்கலாம். அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் செலவு வெகுவாகக் குறையும்.

பம்ப் போதுமா? 10 சென்ரிமீற்றர் உள்விட்டமும் 60 சென்ரிமீற்றர் ஓட்டமும் உள்ள ஜெக் நிறைய ஏறத்தாழ 4.7 லீற்றர் ஒயில் வேண்டும். நிமிடத்துக்கு 20 லீற்றர் தரும் பம்ப் அதை 14 செக்கன்களில் நிரப்பும். உங்கள் இயந்திரத்தின் அளவு கைநூலில் இருக்கும்.

ஒயில் எங்கிருந்து வருகிறது? பல இயந்திரங்களில் கியர் பொக்ஸ் ஒயிலும் ஹைட்ரோலிக் ஒயிலும் ஒன்றே. ஜெக் நிறையும்போது அந்தளவு ஒயில் கியர் பொக்ஸில் குறையும். பெரிய ஜெக் பூட்டினால் எவ்வளவு ஒயில் கூட ஊற்றலாம் என்பதைக் கம்பனியிடம் கேளுங்கள். கப்ளரில் ஒட்டிய சேறும் மணலும் அதே வழியால் கியர் பொக்ஸுக்குள் போகும். துடைக்காமல் ஹோஸைச் செருகாதீர்கள். கழற்றியதும் மூடியைப் போடுங்கள். சில ரூபா மூடி தொலைந்ததால் பம்ப் மாற்ற வருபவர்களை நான் கவுண்டரில் சந்திக்கிறேன்.

பாதுகாப்பு. உயர்த்திய பெட்டிக்கு முட்டுக் கொடுக்காமல் எவரும் கீழே போகக்கூடாது. மின்கம்பிகளுக்குக் கீழே பெட்டியை உயர்த்தக்கூடாது. ஹோஸில் ஊசித் துளையளவு கசிவு இருந்தாலும் கையால் தடவிப் பார்க்கக்கூடாது. அழுத்தத்தில் பீறிடும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ட்ரைவருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு.

சுருக்கமாக

எந்த மேலதிகச் சாமானையும் வாங்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த வேலைக்கு? அந்த வேலை கடந்த வருடம் எத்தனை நாள் வந்தது? முதல் திரும்ப வருடத்துக்கு எத்தனை நாள் வர வேண்டும்? இப்போது போடாவிட்டால் பின்னர் போட முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு விடை மனதில் இருக்காது, கொப்பியில்தான் இருக்கும். கொப்பி இல்லாதவர்கள் இன்றைக்கே ஒன்றைத் தொடங்குங்கள். திகதி, என்ன வேலை, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று நான்கு நிரல்கள் போதும். ஒரு வருடம் எழுதினால், விற்பவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டிய தேவை உங்களுக்கு இருக்காது.