எலிக்கு வந்த ஞாபகம்

நம்பிக்கை: செம்பனை வைட்டமின் ஈ மாத்திரை தின்ற கிழட்டு எலி குட்டி எலிபோல் ஓடியதாம், அம்மாவுக்குக் கொடுத்தால் மறதி போய்விடும்.

ஆயர் ஈத்தாம் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு, பையோடு என் மருந்தகத்துக்குள் நுழைகிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். யார் சொன்னது? வாட்ஸ்அப்.

எலி உண்மைதான். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தார் 21 மாத எலிகளுக்கு மூன்று மாதம் டோகோட்ரியனால் என்னும் செம்பனை வைட்டமின் ஈ கொடுத்துத் தொட்டித் தண்ணீரில் நீந்தவிட்டார்கள். நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடை எங்கே என்பதை எலி நினைவு வைத்திருக்க வேண்டும். மருந்து கொடுத்தவை நன்றாகவே கற்றுக்கொண்டன. 2014இல் ஆய்வு வெளிவந்தது. ஓட்டம் யாரோ தூவிய மசாலா.

கொடுத்த அளவை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை! எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம், தினமும். 60 கிலோ ஆளுக்கு அப்படியே பெருக்கினால் 12,000. எலிக்கணக்கை மனிதக்கணக்காக்க நாங்கள் ஏறக்குறைய ஆறால் வகுப்போம், அப்போதும் 2,000. உங்கள் கையிலிருப்பது 50 மில்லிகிராம் மாத்திரை. நாற்பதை விழுங்கச் சொல்கிறீர்களா அம்மாவை? தயவுசெய்து வேண்டாம்.

மனிதர்களிடம் சோதித்தவர்கள் நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார். 121 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை, இரண்டு ஆண்டு. எம்ஆர்ஐ படத்தில் மூளை வெண்பகுதிச் சிதைவு வெற்று மாத்திரைக்காரர்களுக்கு வளர்ந்தது, மற்றவர்களுக்கு வளரவில்லை. நல்ல ஆய்வு, நம் ஊர்ப் பெருமை. ஆனால் படத்தில் சிதைவுப் புள்ளி வளராமல் நின்றதற்கும் தொலைந்த சாவி ஞாபகம் வருவதற்கும் வெகுதூரம்.

சிவப்புப் பாமாயிலில் பொரித்தாலே போதுமா? சத்து துளி, கொழுப்பு கரண்டி. இயற்கையானது, கெடுக்காதா? ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வைட்டமின் ஈயை அதிகம் சேர்த்தால் ரத்தக்கசிவு வரலாம். டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

மாத்திரைக்குக் காசு எடுக்குமுன் அம்மாவின் காதைப் பாருங்கள். இதை எத்தனை தடவை சொல்வது! காதில் விழாத பேச்சை எப்படி ஞாபகம் வைத்திருப்பார்? நடுவயதுச் செவிக்குறைவு பின்னாளில் மறதிநோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2017 முதல் லான்செட் மருத்துவ இதழின் குழு எழுதி வருகிறது. கிளினிக்கில் காட்டுங்கள். குறும்பி அடைத்திருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் செவிச்சோதனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.