கோரிங்காவை அழித்த கடற்பெருக்கு

காக்கிநாடாவுக்குத் தெற்கே, கோதாவரி கடலோடு கலக்குமிடத்தருகே உள்ள சிற்றூர் கோரிங்கா. முன்னாளில் கப்பல் கட்டும் துறைமுகமாக விளங்கிற்று. 1789 டிசம்பரில் புயலோடு மூன்று பேரலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி அதனை மூழ்கடித்தன. 1839 நவம்பரில் மீண்டும் அதே கதி. அப்போது மூன்று லட்சம் பேர் மாண்டனர் என நூல்கள் கூறுவது அவ்வூருக்கு மிகை என்றே தோன்றுகிறது.

இவ்வழிவைச் செய்தது பெரிதும் நீரே. வளியழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் உயரும். எஞ்சிய உயர்வு, ஆழமற்ற கரையை நோக்கிக் காற்று நீரைத் தள்ளுவதால் வருவது. கிழக்குக் கரையில் புயல்மையத்துக்கு வடபுறமே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். எச்சரிக்கையைப் படிப்போர் இதனைக் கருத வேண்டும். அதே ஆந்திரக் கரையில், 1977 நவம்பரில் புயல்மையம் சீராலா அருகே கரையேறிற்று. கடல் புகுந்து ஆயிரக்கணக்கானோரை வாரிச்சென்றதோ வடகிழக்கேயுள்ள திவி சீமையில்.